வலக்கைக்குப் போன காயம்

தையல்காரியின் இடக்கையில் இருந்த தீக்காயம், பேராசிரியரின் கட்டுரை அச்சாகி வந்த அன்று காலை வலக்கைக்கு மாறிவிட்டது. அப்போது அவள் ஒரு சீருடைச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை வழவழவென்று ஆனது, வலக்கை விரல்கள் சுருண்டுகொண்டன, ஊசி நழுவி விழுந்தது. பக்கத்து மெஷின்காரி ஊசியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பொத்தான் விலை ஏறிப்போனதைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தாள்.

எந்தக் கை என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. சொந்த நாட்டில் சிப்பாய்கள் வீடு புகுந்து, தம்பி ஒளிந்திருக்கும் இடத்தைக் கேட்டு, கையை அடுப்பில் வை என்றபோது, வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடக்கையை நீட்டியவள் அவள். கத்தரிக்கோல் பிடிக்கிற கையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். எல்லை தாண்டி வந்து புகலிடம் கேட்டு மனுப் போட்டபோது, சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்தில் பேராசிரியரிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்த கையோடு குறிப்பும் எடுத்துக்கொண்டார்.

புகலிடச் சட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. கட்சிக்காரரின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று அவர்கள் தொழிலில் பெயரை எடுத்துவிடுவார்கள், ஊரை எடுத்துவிடுவார்கள். இவர் அவள் கதையைக் கட்டுரையாக்கியபோது ஒரு படி மேலே போய்க் கையையும் மாற்றி, வலக்கை என்று எழுதினார். வாதத்துக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன என்பது அவர் நினைப்பு. கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. விசாரணையில் அரசு வக்கீல் இடக்கை என்றிருந்த அவள் வாக்குமூலத்தைப் படித்தார், காயம்பட்ட வலக்கையைப் பார்த்தார், இதற்குமேல் வாதம் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்கிறாள் என்று மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டிலும் தோற்றால் அந்தச் சிப்பாய்களிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டுரையின் முதல் பக்கம் மையத்தின் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதில் வலக்கை என்று இருந்ததை அவள் படித்தாள். நேரே அவர் அறைக்குப் போய், கையைத் திருத்தி எழுதச் சொன்னாள்.

"பரிசு வாங்கின கட்டுரைம்மா. இப்ப மாத்தினா நான் எழுதினதே பொய்யின்னு ஆயிடும்."

"என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்களே, அது பரவாயில்லையா?"

"உங்க ரகசியத்தைக் காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மறுநாள் அவருடைய பொதுநல வழக்கு வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பேராசிரியர் தன் கட்டுரையையே பாடமாக நடத்தி, முடிவில் மாணவர்களை ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொல்லி, அதைக் கல்லூரி இதழில் அச்சிடுவது வழக்கம். எழுதும் நேரம் வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"தம்பிங்களா, தங்கச்சிங்களா, இன்னிக்கு எல்லாரும் ஒரே விஷயத்தை எழுதுங்க. உங்க சாருக்கு நாக்குல தீக்காயம்னு எழுதுங்க. கையா இருந்தா என்ன, நாக்கா இருந்தா என்ன?"

பேராசிரியர் சிரித்தார். மாணவர்கள் அவள் வலக்கையைப் பார்த்தார்கள், பேனாவைத் திறந்தார்கள். அவர்களுக்கும் அவர்மேல் பல நாள் எரிச்சல். சிரிப்பு நின்றது. அங்கேயே, நின்ற வாக்கில், திருத்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தார்.

அது அச்சான அன்று காயம் இடக்கைக்குத் திரும்பியது. போன தடவை வலக்கையில் இருந்ததே என்று அரசு வக்கீல் மேல்முறையீட்டில் முனகினார். காயம் நடந்து போகுமா என்று நீதிபதி கேட்டார். வக்கீலால் ஆமென்று சொல்ல முடியவில்லை. அவளுக்குப் புகலிடம் கிடைத்தது. தாழ்வாரத்தில் பேராசிரியர் பின்னாலேயே வந்து, இதையும் கட்டுரையாக்கலாமா என்று குழைந்தார். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அவரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேராசிரியர் அதன்பின் இன்னும் சில பரிசுகள் வாங்கிவிட்டார். அவர் அறை வாசலில் இப்போது ஒரு கூடை இருக்கிறது. புகலிடம் கேட்டு உள்ளே போகிறவர்கள், காயம் அவர் கண்ணில் படாமல் இருக்க, அதிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொள்வார்கள், கழுத்தில் காயம் என்றால் துணி சுற்றிக்கொள்வார்கள், பிறகுதான் கதவைத் தட்டுவார்கள். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. தைத்துப் போடுவது தையல்காரிதான், வலக்கையால் வெட்டி. குழந்தைகளின் அளவிலும் தைக்கிறாள்.