தடைக்கு ஒரு திருப்பம்

லூசியானாவில் நாங்கள் ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போடுவதில்லை. மாநில அரசியலமைப்பைத் திருத்தலாமா என்பதற்கும் போடுகிறோம். அந்தக் கேள்விகளை எழுதுகிறவர்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஜாதி.

தேர்தலுக்கு முந்தின நாள் விடியலில் நானும் என் கணவன் க்ளோவிஸும் நண்டுக் கூண்டு எடுக்கப் போனோம். மூடுபனியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. கரையில் எங்கள் வீட்டு விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு மாதிரி ஓட்டுச்சீட்டைப் பிரித்தேன். கேள்வி எங்கள் ஓடையைப் பற்றியது. எங்கள் பிழைப்புக்கு இருப்பது அந்த ஒரு தண்ணீர்தான்.

"பொதுநலன் கருதி, நீர்வழிகளைத் தனியார் அடைப்பதற்குள்ள தடையை நீக்கும் திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா?"

படிக்கப் படிக்கக் கண் சொக்கியது.

"க்ளோவிஸ், துடுப்ப எடு. விளக்கப் பாத்து நின்னா தண்ணி நம்மளது. முதுகக் காட்டினா போச்சு. நான் சொல்றப்ப திருப்பு."

"காலங்காத்தால என்னடி கூத்து?"

"'அடைப்பது.' முதுகக் காட்டு."

படகு ஓசையில்லாமல் சுழன்றது. விளக்கு எனக்குப் பின்னால் போனது.

"'தடை.' திருப்பு."

விளக்கு மிதந்து முன்னால் வந்தது. "ஆங், நம்ம தண்ணி!" என்று சிரித்தான்.

"'நீக்கும்.' இன்னொரு தடவ."

எதிரே வெறும் வெள்ளை. ஏதோ கனவுக்குள் போய் நின்றதுபோல இருந்தது.

"ஆம்னு போட்டா அடைச்சிருவானுங்க. நாம இல்லைன்னுதான் போடணும்" என்றேன்.

க்ளோவிஸ் துடுப்பைக் கீழே வைத்தான். "போன வாரம் ஐஸ் வாங்க டவுனுக்குப் போனேன்ல... தேர்தலுக்கு முன்னாடியே ஓட்டு வாங்குற இடத்துல கூட்டமில்ல. முன்கூட்டியே போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"தடைன்னு இருந்துச்சு. நல்லதுதானேன்னு... ஆம்."

சொந்தக் காசில் சூனியம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

"என் ஓட்டு உன்னுத அழிக்கத்தான் சரியா இருக்கும்" என்றேன்.

அவன் மோட்டாரைக் கிளப்பினான். கூண்டுப் பக்கம் போகவில்லை. கீழோடையில் அவன் பங்காளி அல்சீட் கூண்டு இழுத்துக்கொண்டிருந்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற மனிதன் என் க்ளோவிஸ். பனிக்குள் எழுந்து நின்று கத்தினான்:

"அல்சீட்! நான் ஒரு மடத்தனம் பண்ணிட்டேன், நீயும் பண்ணாத. துடுப்ப எடு!"