வேன் ஏறாத பந்தயம்

லிஃப்ட்காரரைச் சைக்கிளில் முந்துவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கிளப்பில் நேற்றுச் சேர்ந்தவர்கூட முந்திவிடலாம். முந்துகிறவர் மெனக்கெடவே வேண்டாம். பின்னால் டயர் சத்தம் கேட்டதுமே மனுஷர் ஓரமாக ஒதுங்கி, ஒரு கையை நீட்டி, "வாங்க, தாராளமா போங்க" என்று வழிவிட்டுவிடுவார்.

தொழில் என்னவோ லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரையே மாடிக்கு ஏற்றிவிடுகிறவர் ஒரு மேட்டைக் கண்டால் நாக்குத் தள்ளிப்போகிறார் என்றால் கிளப்பில் சும்மா விடுவார்களா? "என்ன லிஃப்ட்காரரே, இன்னிக்கு கரன்ட் இல்லையா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஓவர்லோடுங்க" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

இந்த ஒதுங்கும் பழக்கம் டைம் ட்ரயலில் வந்தது. அதில் எல்லாரும் சேர்ந்து கிளம்புவதில்லை. ஒரு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். அவரவர் தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். முந்திப் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுப் படாமல் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். லிஃப்ட்காரருக்கு அடுத்துக் கிளம்புவது எப்போதும் மச்சினன், மனைவியின் தம்பி. டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வாயும் காலும் ஒரே வேகம். முதல் பாலம் வருவதற்குள் "மாமா, ஓரம்" என்று குரல் வரும். மாமா ஓரம் போவார். அப்புறம் இன்னொருவர், அதற்கப்புறம் இன்னொருவர். வழிவிட்டு வழிவிட்டு, தும்மல் வருவது மாதிரி அது அவருக்குத் தானாகவே வர ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அவர் மனசு இருந்ததெல்லாம் சாலைப் பந்தயத்தில்தான். அதில் எல்லாரும் ஒரே கும்பலாகக் கிளம்புவார்கள். முன்னால் போகிறவர்கள் காற்றைக் கிழித்துக் கொடுக்க, மற்றவர்கள் அவர்கள் மறைவில் போகலாம். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. சங்கிலிகள் எல்லாம் சேர்ந்து முனகும். யாரோ "குழி" என்று குரல் கொடுத்தால் அந்தச் சொல் ஆள் மாறி ஆள் மாறிக் கடைசி வரைக்கும் வந்து சேரும். அந்தக் கடைசி ஆள்தான் நம் லிஃப்ட்காரர். நாள் முழுக்க லிஃப்ட் போகும் இருட்டுக் குழாய்க்குள் கிரீஸும் டார்ச்சுமாகத் தனியாகத் தொங்குகிற மனுஷருக்கு, "குழி" என்று தனக்காக ஒருவர் திரும்பிச் சொல்வதே உச்சி குளிர்ந்துபோகிற விஷயம்.

முதல் மேடு வரைக்கும்தான் அந்தச் சுகம். மேட்டில் முன் சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் இடைவெளி விழும். பிறகு ஒரு பஸ் இடைவெளி. பிறகு கும்பல் போன திசையில் புழுதி மட்டும் இருக்கும். அப்புறம் அவருக்குத் துணை, பந்தயத்தின் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே உருண்டு வரும் கிளப் வேன். ஓட்டுபவர் மருந்துக் கடைக்காரர். ஜன்னலை இறக்கிவிட்டு, மாத்திரை வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் "ஏறிக்கிறீங்களா?" என்பார். கொஞ்ச தூரம் வீராப்பாகத் தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட்காரர் ஏறிக்கொள்வார். சேர்ந்து மூன்று வருஷமாகிறது, ஒரு சாலைப் பந்தயத்தையும் அவர் முடித்ததில்லை. வேனின் முன் சீட் அவர் உடம்புக்குத் தக்கபடி பள்ளம் விழுந்துவிட்டது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வருஷம்தான் கிளப் செயலாளரான பல் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஒரு சாலைப் பந்தயத்தையாவது, முதல் ஆள் வந்த கால் மணி நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்களுக்கு அடுத்த வருஷம் சாலைப் பந்தயம் கிடையாது. டைம் ட்ரயல் மட்டும்தான்.

"உங்களை மனசுல வச்சு எடுத்த முடிவு இல்லைங்க" என்றார் பல் டாக்டர், பல்லைப் பிடுங்குமுன் சொல்கிற மாதிரி இதமாக.

"புரியுதுங்க" என்றார் லிஃப்ட்காரர். வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி துவைத்த துண்டைக் கொண்டுவந்து வழக்கம்போல ஹேண்டில் பாரில் காயப்போட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள் அவள். முகத்தைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவாள்.

"இனிமே கும்பல்ல ஓட்ட முடியாதா?" என்று கேட்டாள்.

"கடைசிப் பந்தயம் ஒண்ணு பாக்கி இருக்கு. அதை முடிச்சா ஓட்டலாம்."

"முடிப்பீங்களா?"

"நீயே சொல்லு."

மறுநாள் அவள் செயலாளருக்கு ஃபோன் போட்டு, அந்தப் பந்தயத்துக்குக் கொடி பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்கிற வேலையை வாங்கிக்கொண்டாள். தோற்றாலும் வழியில் ஒரு முறை முகத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்றுதான் அவளுக்கு எண்ணம்.

பந்தயத்தன்று கும்பலின் முன்வரிசையில் மச்சினன். புதிதாக ஒரு சின்னத் திரை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டியிருந்தான். வழி, வேகம், நாடித்துடிப்பு எல்லாம் அதுவே சொல்லுமாம்.

"அப்போ ஓட்டறது மட்டும்தான் உன் வேலையா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"நீங்க கிண்டல் பண்ணுங்க மாமா. மேட்டுக்கு அப்புறம் உங்க குரலே கேக்காது" என்றான் அவன்.

சொன்னபடியே ஆயிற்று. முதல் மேட்டில் கும்பல் கழன்றுகொண்டது, புழுதி அடங்கியது, பின்னால் வேன் வந்தது, ஜன்னல் இறங்கியது. "ஏறிக்கிறீங்களா?"

"இன்னிக்கு மாட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். மருந்துக் கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் சாலை பிரியும் இடத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பழைய வழியில் சாலை வேலை நடப்பதால் அந்த வருஷம் அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். லிஃப்ட்காரரின் மனைவி கொடியை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நடுச்சாலையிலேயே நின்றாள். மச்சினனின் திரையில் ஏறியிருந்தது போன வருஷத்து வழி. திரை நேராகப் போகச் சொன்னது. அக்கா இடது பக்கம் போகச் சொன்னாள். அக்கா சொல்லை அவன் என்றைக்குக் கேட்டிருக்கிறான்? குனிந்த தலை நிமிராமல் அவளைச் சுற்றிக்கொண்டு நேராகப் பறந்தான். அவன் பின்னால் வந்தவன் அவன் சக்கரத்தைப் பார்த்தான். அதற்குப் பின்னால் வந்தவன் இவன் சக்கரத்தைப் பார்த்தான். கும்பலில் போகிறவனுக்குச் சாலை ஏது, கொடி ஏது? மொத்தக் கூட்டமும் மந்தையாகத் தப்பு வழியில் போய் மறைந்தது. "டேய், டேய்" என்று அவள் கத்தியது அவள் காதுக்கே திரும்பி வந்தது.

அவள் பல் டாக்டருக்கு ஃபோன் செய்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார் என்பது குரலிலேயே தெரிந்தது. சாலை வேலை நடக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு தானாகத் திரும்பி வருவார்கள், திரும்பி வந்து சரியான வழியில் போனால் தப்பில்லை என்றார். ஃபோனை அவள் பைக்குள் வைத்தபோது, தூரத்தில் ஒற்றைச் சைக்கிள், அதன் பின்னால் ஒரு வேன்.

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "எல்லாரும் ரொம்ப முன்னாடி போயிட்டாங்களா?"

அவள் கணவனை ஒரு கணம் பார்த்தாள். முகம் சிவந்து, உதடு வெளுத்து, ஆனாலும் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார். அவள் கொடியை இடது பக்கம் நீட்டினாள்.

"பின்கதவைப் பூட்டினீங்களா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"வீட்டுப் பின்கதவு. நீங்கதானே கடைசியா வந்தீங்க. பூட்டினீங்களா இல்லையா?"

"பூட்டினேன்னுதான் நினைக்கிறேன்" என்று யோசித்துக்கொண்டே லிஃப்ட்காரர் இடது பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

வேனை அவள் கை காட்டி நிறுத்தினாள். மருந்துக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் வேனின் வேலை. இப்போது கடைசி ஆள் வேறு பக்கம் இருந்தான். மருந்துக் கடைக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

லிஃப்ட்காரர் கொஞ்ச தூரம் பின்கதவோடு போனார். தாழ்ப்பாள் போட்டது ஞாபகம் இருக்கிறது, பூட்டியது ஞாபகம் இல்லை. பிறகுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். வேன் இல்லை.

மூன்று வருஷத்தில் கும்பல் அவரை விட்டுப்போயிருக்கிறது, தெம்பு விட்டுப்போயிருக்கிறது, வேன் விட்டுப்போனதில்லை. இனி இவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. நேரம் தாண்டிவிட்டது, எல்லாம் முடிந்தது, அதைச் சொல்ல மனசு வராமல்தான் அவள் பின்கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

சாலையில் ஈ காக்கை இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு மாடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தியாயிற்று, அடுத்து என்ன? ஏறிக்கொள்ள வேன் இல்லை. எப்படியானாலும் வீட்டுக்குப் போக ஓட்டித்தான் ஆக வேண்டும்; அதை முடிவுக் கோட்டின் வழியாக ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? மறுபடி ஏறி மிதித்தார்.

கடைசி மேடு வந்தது. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் ஃபோனில் பேசுவதற்கென்று அவரிடம் ஒரு குரல் உண்டு. "பயப்படாதீங்க, மூச்சை நிதானமா விடுங்க, ஒண்ணும் ஆகாது, வந்துகிட்டே இருக்கேன்." அந்தக் குரலில் தன் கால்களிடமே பேசினார். பேசிப் பேசியே உச்சிக்கு வந்துவிட்டார். வழக்கமாக இறங்கித் தள்ளுகிற மேடு அது. பார்க்க ஆள் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

இறக்கத்தில் கீழே முடிவுக் கோடு தெரிந்தது. பல் டாக்டர் கையிரண்டையும் தூக்கிப் பேய் பிடித்தவர் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரம் வா என்கிறார் போல என்று லிஃப்ட்காரர் குனிந்து மிதித்தார்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. நிறைய சங்கிலிகளின் முனகல். பக்கத்து ஊர் கிளப் இந்தச் சாலையில் பயிற்சிக்கு வருவதுண்டு. அவர் யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது, சைக்கிள் தானாக ஓரம் போனது.

"வாங்க, தாராளமா போங்க."

முதலில் கடந்தது ஆரஞ்சுக் காலுறை. மச்சினனுக்கு அந்தக் காலுறையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அடுத்து தெரிந்த முதுகு, அதற்கடுத்தும் தெரிந்த முதுகு. அட, நம் ஆட்கள். இவர்கள் எப்படிப் பின்னால் வந்தார்கள் என்று கேட்க நேரமில்லை. யாரோ "குழி" என்றார்கள். அந்தச் சொல் ஆள் மாறி ஆள் மாறி அவரிடம் வந்தது. கடைசிச் சக்கரம் கடக்கும் நேரத்தில் எழுந்து நின்று, உடம்பில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டார். காற்று சட்டென்று நின்றது. அப்படியே கோட்டைக் கடந்தார்.

வேன் வந்து நின்றது. அவருடைய சீட்டிலிருந்து மனைவி இறங்கினாள்.

"முடிச்சுட்டேன். கும்பலோட முடிச்சுட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

டீ மேஜையைச் சுற்றி ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மச்சினன் தன் சின்னத் திரையைக் கழற்றிப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டிருந்தான். கடைசியில் மனைவிதான் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

லிஃப்ட்காரர் டீயைக் கீழே வைத்தார். "அப்போ எனக்கு முன்னாடி யாருமே இல்லையா?"

"யாருமே இல்லை."

"நீ ஏன் சொல்லலை?"

"ஊசி குத்தப்போறேன்னு சொல்லிட்டுக் குத்தினா நரம்பு ஒளிஞ்சுக்கும். அதான் வேற ஏதாவது கேட்டுகிட்டே குத்திடுவேன்" என்றாள் அவள். "சொல்லியிருந்தா நீங்க அங்கேயே நின்னு, அவங்களும் வரட்டும்னு காத்துகிட்டு இருந்திருப்பீங்க."

அவர் டீயை மறுபடி கையில் எடுத்தார். "பின்கதவு?"

"நான்தான் பூட்டினேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு கிட்டே வந்தான். "கோடு கண்ணுக்கு முன்னாடி இருந்தது. நீங்க ஓரம் போகாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க மாமா. எனக்கே வயிறு எரியுது."

லிஃப்ட்காரர் அந்தச் சாலையை நினைத்துப் பார்த்தார். வேலி, மாடு, முன்னாலும் பின்னாலும் ஒருத்தரும் இல்லாத வெட்டவெளி. முதலாவதாக வருவது எப்படி இருக்கும் என்று மூன்று வருஷமாக ராத்திரி படுக்கையில் யோசித்திருக்கிறார். அது கடைசியாக வருவது மாதிரியேதான் இருந்திருக்கிறது.

"ஜெயிச்சிருந்தா தனியா வந்திருப்பேன்டா" என்றார். "அதைத்தான் நான் எல்லா வாரமும் செய்யறேனே."

மச்சினன் அவர் கோப்பையை வாங்கி இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தான்.