யானைக்குப் பின்னால் இருந்த சுவர்

அந்த வீட்டில் மகளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது பேச்சைக் குறைத்துவிட்டாள். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம். தையல்காரியான அம்மா பயந்துபோனாள். ஓயாமல் பேசும் பிள்ளையை அதட்டத் தெரியும், பேசாத பிள்ளையை என்ன செய்வது?

பயந்தவர்கள் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, எதையாவது செய்துவைப்பார்கள். மழைக்காலம் வேறு. "ஜன்னலத் திறந்து போட்டா பிள்ளைக்குச் சளி கட்டாம என்ன செய்யும் அண்ணி?" என்று முன்னறையில் படுக்கும் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். வெட்டி மிஞ்சிய துணிகளைச் சுருட்டி ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் திணித்துவிட்டாள் தையல்காரி. தைப்பது, நீராவி இஸ்திரி போடுவது, துவைத்ததைக் கொடியில் காயப்போடுவது, மகள் தூங்குவது எல்லாமே அந்த ஒரே உள்ளறையில்தான்.

கட்டிலை ஒட்டிய சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு வந்திருந்தது. "அம்மா, அது என்னையே முறைக்குது" என்று மகள் அழுதாள். அப்பா துடைத்துப் பார்த்தார். போன திட்டு திரும்பி வந்தது. வேறொருத்தியாக இருந்தால் சுவருக்கு என்ன கேடு என்று பார்த்திருப்பாள். தையல்காரியின் கை துணியைத்தான் தேடியது. உள்ளே பஞ்சு அடைத்து, மெத்துமெத்தென்று பெரிய நீல யானை ஒன்றைத் தைத்து, திட்டின்மேல் ஆணியடித்து மாட்டினாள். அழகென்றால் அப்படியோர் அழகு! பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். மகள் தினமும் அதன்மேல் கை போட்டுக்கொண்டு தூங்கினாள்.

ஒரு மதியம் தையல்காரி பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி. முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பினாள். மகள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தையல்காரி மகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். எப்படித் தூக்கினாள், எப்படி மாடிப்படி இறங்கினாள் என்பது இன்றுவரை அவளுக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது. இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு ஓடிவந்த அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வந்துடுச்சு. ஆனா குழந்தை திரும்ப அதே வீட்டுக்குத்தானே போகப்போகுது?" என்றாள் நர்ஸ். "வீட்ல எங்கயாவது பூஞ்சை பிடிச்சிருக்கா?"

"சேச்சே, தினமும் கூட்டித் துடைக்கிற வீடும்மா" என்றாள் தையல்காரி. அவள் பொய் சொல்லவில்லை, அந்தத் திட்டை மறந்தே போயிருந்தாள்.

மாஸ்க்குக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. "யானை தினமும் நனைஞ்சுடுது. நான்தான் கட்டிப்பிடிச்சுக் காய வைக்கிறேன்."

நர்ஸ் தையல்காரியைப் பார்த்தாள். யானையைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, ஆவியைப் பற்றி எல்லாம் கேட்டாள். "வெளிய போக வழியில்லாத ஈரம் எங்கம்மா போகும்? குளிர்ந்த சுவர்லதான் போய் உக்காரும். நீங்க அதுக்கு மெத்தையும் தச்சுக் குடுத்திருக்கீங்க."

"நான் இங்க இருக்கேன். நீ போய்ப் பாரு" என்றார் அப்பா.

மகளை விட்டுப் போகப் பயம். போய் அந்தச் சுவரைப் பார்க்க அதைவிடப் பயம். வீட்டுக்கு வந்து மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டாள். ஆணிகளைப் பிடுங்கி யானையை இழுத்தாள். ஊறிய துணியின் கனத்தோடு அது கையில் விழுந்தது. சுவரில் அன்றைய சின்னத் திட்டு இல்லை. கட்டில் நீளத்துக்குக் கறுப்பு, அதன்மேல் பச்சையாகப் பஞ்சு போன்ற ரோமம். யானையின் முதுகிலும் அதே ரோமம். மகளின் முகம் படும் இடத்தில் மட்டும் நீலத்துணி தேய்ந்து வெளுத்திருந்தது. தன் பிள்ளையின் நெஞ்சுக்குள் போனதெல்லாம் தன் கையால் தைத்ததுதான் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு எழுந்தாள். யானையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினாள். இடுக்குத் துணிகளைப் பிடுங்கினாள். ஜன்னல் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. பழக்கதோஷம், கை மூடப் போனது. கையைத் திட்டி இழுத்துக்கொண்டாள். சோப்புத்தண்ணீர் போட்டுச் சுவரைத் தேய்த்தாள். நாத்தனாரும் வந்து கூடச் சேர்ந்து தேய்த்தாள். கட்டில் சுவரை விட்டுத் தள்ளிப் போனது. இஸ்திரி மேசை ஜன்னலடிக்கு, கொடி வெளி வராந்தாவுக்கு. சுவர் நன்றாகக் காயும்வரை மகள் அத்தையிடம் முன்னறையில்தான் படுக்க வேண்டும்.

மகள் வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த அறை வாசலில் போய் நின்றாள். வெறும் சுவரையே பார்த்தாள். தையல்காரி பின்னாலேயே ஓடினாள். ஆசை யானையைக் கேட்டு அழுது, அழுகையில் மறுபடி மூச்சு இழுத்துவிட்டால்?

"யானை காஞ்சிடுச்சாம்மா?"

"காஞ்சிடுச்சு கண்ணு. போயிடுச்சு."

"அப்போ இனிமே நான் கட்டிப்பிடிக்க வேணாமா?"

"வேணாம்."

"அப்பாடா" என்றாள் மகள். "ரொம்பக் குளிரும்மா அது. நீ கஷ்டப்பட்டுத் தச்சேன்னுதான் சொல்லல."