இர்விங் குழு ஏன் வளரவில்லை

வான்மதி ரிச்சர்ட்சன் நகருக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் நல்ல படிப்பு இருந்தது, சென்னையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான விசா மட்டும் இல்லை. கணவன் செல்வின் ஒரு டெலிகாம் கம்பெனியில் காலையில் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவான். இருந்த ஒரே காரும் அவனோடு போய்விடும். முதல் சில மாதங்கள் அவள் வாய் திறந்து பேசியதெல்லாம் பாளையங்கோட்டையில் இருந்த அம்மாவிடம் போனில்தான், அதுவும் காலிங் கார்டில் காசு தீரும்வரை.

அதனால்தான், தமிழ்ச் சபையின் செயலாளர் ஜெயபிரகாஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளிடம் வந்து, "சிஸ்டர், நீங்க ஊர்ல டேட்டாபேஸ்ல ஒர்க் பண்ணீங்களாமே, சபைக்கு ஒரு ஹெல்ப் பண்ண முடியுமா?" என்று கேட்டபோது, என்ன ஹெல்ப் என்று கேட்பதற்கு முன்பே அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பக்கத்து ஊரான கேரல்டனில் அமெரிக்கர்களின் தேவாலயம் ஒன்றில் காலை ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, மதியத்துக்கு மேல் தமிழர்கள் கூடுவார்கள். இடம் கொடுத்தவர்கள் அந்த வருடம், அதாவது இரண்டாயிரத்தில், தங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கினார்கள். பழையதில் ஒன்றை, அதிலிருந்த சபை நிர்வாக சாஃப்ட்வேரோடு சேர்த்து, தமிழர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், காபி ஃபில்டர் பெட்டிகளுக்கு நடுவே அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

ஜெயபிரகாஷுக்கு அது பெரிய சந்தோஷம். அவர் காப்பெலில் குடியிருந்தார், ஒரு வங்கியில் ப்ராஜெக்ட் மேனேஜர். சபை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மாதந்தோறும் யாராவது ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். ஞாயிறு கூட்டத்தில் ஒருவர் வந்தாரா வரவில்லையா என்று யாருக்கும் தெரியாத நிலைமை வந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவரவர் பகுதியில், யாராவது ஒருவர் வீட்டில் கூடும் சிறு குழுக்களில் அது தெரியும். காப்பெல், ப்ளேனோ, கேரல்டன், இர்விங், ரிச்சர்ட்சன் என்று ஐந்து குழுக்கள். வாரா வாரம் யார் வந்தார்கள் என்று குழுத் தலைவர்கள் சொல்ல வேண்டும், வான்மதி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் யார் தொடர்ந்து வரவில்லை, எந்தக் குழு வளர்கிறது, எது தேய்கிறது என்று அதுவே படம் போட்டுக் காட்டும்.

"இது ஹாஜர் எடுக்கிறதுக்கு இல்ல சிஸ்டர். யாரும் தொலைஞ்சு போயிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் அவர். வான்மதிக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை ஆனால் தலைவர்கள் அவள் வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடப் பேச்சு. "போன வாரம் வந்தவங்களேதான், பெஞ்சமின் மட்டும் வரல" என்பார்கள், வைத்துவிடுவார்கள். இர்விங்கிலிருந்து ரூபவதி அக்கா கூப்பிட்டால் மட்டும் வான்மதி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

ரூபவதி மார்த்தாண்டத்துக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கணவர் தங்கையன் தபால் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருந்தார், அதிகம் பேசாதவர். அதற்கும் சேர்த்து அக்கா பேசுவார்.

"எழுதிக்க மக்களே. எஸ்தர் வந்தா. அவளுக்கு மசக்கை, சோத்து வாசமே ஆகல்ல, வாசல்லயே இருந்துட்டுப் போனா. அவளையும் மாப்பிள்ளையையும் காப்பெலுக்கு மாத்திப் போடு, அங்கதான் வீடு பாத்திருக்காங்க. பெறவு புதுசா ஒரு பையன் வந்தான், கருப்பசாமின்னு பேரு. விருதுநகர் பக்கம்."

"மெம்பரா விசிட்டரா அக்கா?"

"அவன் சாமி கும்பிடுத வீட்டுப் பையன். எனக்க அபார்ட்மென்ட்லதான் கீழ இருக்கான். தனியா பிரெட்டு தின்னுட்டுக் கெடந்தான், கூட்டிட்டு வந்தேன்."

சில வாரங்களில் சாஃப்ட்வேர் தகராறு பண்ணியது. தொடர்ந்து வரும் விசிட்டரை ஏதாவது ஒரு வகையில் சேர்க்கச் சொன்னது: உறுப்பினர், உறுப்பினராக விரும்புபவர், வேறு சபையைச் சேர்ந்தவர். வான்மதி போன் பண்ணி, "அக்கா, கருப்பசாமியை என்னன்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"கருப்பசாமின்னு போடு" என்றார் ரூபவதி. அவன் வெள்ளிக்கிழமை தோறும் வந்து, பாட்டு வேளையில் அமைதியாக உட்கார்ந்திருந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம்.

செப்டம்பரில் கமிட்டிக் கூட்டத்துக்காக ஜெயபிரகாஷ் அந்த வருடத்து வருகைப் படத்தை அச்செடுக்கச் சொன்னார். நான்கு கோடுகள் மேலே ஏறின. இர்விங் கோடு மட்டும் தரையோடு தரையாக ஓடியது. வருடத் தொடக்கத்தில் எட்டுப் பேர். இப்போதும் எட்டுப் பேர்.

அவர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "அக்கா மேல எனக்கு எவ்வளவோ மரியாதை. ஆனா ஹாஸ்பிடல், வீடு, இதுன்னு அவங்களும் எத்தனைதான் இழுப்பாங்க? இர்விங்கைக் கேரல்டனோட மெர்ஜ் பண்ணிட்டா அவங்களுக்கும் ரெஸ்ட் கிடைக்கும். கமிட்டியில சொல்லலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க சிஸ்டர். ஏன் வளர மாட்டேங்குதுன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை செல்வின் சீக்கிரம் கிளம்பி வந்தான். இருவரும் ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் ஊர்ந்து இர்விங் போனார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கன்சல்டிங் கம்பெனிகள் புதிதாக வருபவர்களைக் கொண்டுவந்து இறக்கும் அபார்ட்மென்ட் வரிசை அது. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் வீட்டுக்குள் பேச்சு நின்று மறுபடி தொடங்கும்.

கதவைத் திறந்ததும் மீன்குழம்பு வாசனை. கூடத்தில் ஒரு நீள சோபா, இரண்டு மடக்கு நாற்காலி, மிச்சத்துக்குப் பாய். ஓரத்தில் ஒரு இளம் தம்பதி, அந்த வெயிலுக்குப் பொருந்தாத குளிர்ச் சட்டையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம்தான் வந்து இறங்கியவர்கள். பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. ரூபவதி அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. கையில் ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொடுத்து, "இத உரிச்சுத் தா மக்களே, எனக்குக் கை ஒழியல்ல" என்றார். வெங்காயம் உரிக்கிறவள் அழுதால் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பெண் நன்றாக அழுதுகொண்டே உரித்தாள். முடிக்கும்போது முகம் தெளிந்திருந்தது.

அதற்குள் தங்கையன் அவள் கணவனை அழைத்துக்கொண்டு போய், பக்கத்து மளிகைக்கடை எங்கே, பஸ் எங்கே நிற்கும், துணி துவைக்கும் மெஷினுக்கு எந்தக் காசு போட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார். பிறகு சங்கீதம் ஒன்று வாசித்தார்கள். ரூபவதி பாட்டைத் தொடங்கினார்; சுருதி எங்கோ போனது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஜெபம் சுருக்கமாக இருந்தது. சாப்பாடு நீளமாக இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் நடந்ததுதான் வான்மதியைத் திடுக்கிட வைத்தது. சோபாவில் உரிமையோடு உட்கார்ந்திருந்த சாலமோன், பிரேமா தம்பதியிடம் ரூபவதி போய் நின்று, "அடுத்த வெள்ளிக்கெழம நீங்க இங்க வர வேண்டாம்" என்றார்.

பிரேமாவின் முகம் விழுந்துவிட்டது. "ஏன்க்கா? நாங்க என்ன பண்ணோம்?"

"நீங்க ப்ளேனோவுக்குக் குடி போயாச்சுல்ல? அங்க குழு நடத்துத ஜாஸ்மின் உங்களுக்காக எடம் போட்டு வச்சிருக்கா. அவகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. உனக்குப் பாட வருமுன்னும் சொல்லிட்டேன்."

"இந்த வீடு மாதிரி வருமாக்கா? ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, டிரைவ் பண்ணி வந்துடறோம்."

"வேண்டாம்" என்றார் ரூபவதி. குரலில் கண்டிப்பு இருந்தது. ஆனால் பிரேமாவின் கையை அவர் விடவில்லை. "சாப்பிட ஆசையா இருந்தா சனிக்கெழம வா. வெள்ளிக்கெழம வராத."

வான்மதி சமையலறைக்குள் அவர் பின்னாலேயே போனாள். "என்னக்கா, வர்றவங்களைப் போகச் சொல்றீங்க?"

ரூபவதி மீன்சட்டியைத் தொட்டியில் இறக்கி வைத்தார். "எனக்க சோபாவ பாத்தியா? நாலு பேருக்கு மேல கொள்ளாது. அவங்க எந்திரிச்சாத்தான் இன்னைக்கு வந்த பிள்ளை பாய்லருந்து ஏறி இருப்பா. பழகினவங்களே நெறஞ்சு இருந்தா, புதுசா வாறவ கதவத் திறந்து பாத்துட்டு, நமக்கு இங்க எடம் இல்லன்னு திரும்பிப் போயிருவா, கேட்டியா. ஒருத்தருக்குக் கார் வந்து, ஒரு வீடு அமைஞ்சு, தானா பேசிச் சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா நான் அனுப்பிருவேன். எனக்கு மட்டும் கஷ்டமா இருக்காதா? பிரேமா இன்னைக்குப் போனதும் நானும்தான் அழுவேன்."

வான்மதி ஒரு துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினாள். எஸ்தரைக் காப்பெலுக்கு மாற்று, இன்னாரை ப்ளேனோவுக்கு மாற்று என்று திங்கள் தோறும் அக்கா சொல்லச் சொல்ல, பட்டனைத் தட்டி மாற்றியவள் அவள்தான். அனுப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த குழுக்களின் கோடு ஏறியது. அனுப்பியவரின் கோடு அப்படியே கிடந்தது. எட்டுப் பேர், எட்டுப் பேர் என்று பார்த்தாளே தவிர, எந்த எட்டுப் பேர் என்று அவளும் பார்க்கவில்லை.

கூடத்தில் அந்தப் புதுப்பெண் யாரோ சொன்னதற்குச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வந்து இறங்கிய வாரம் யாராவது என் கையில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்திருந்தால், என்று வான்மதி நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை செல்வினிடமிருந்து காரை வாங்கிக்கொண்டு சபைக்குப் போனாள். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பக்கம் உண்டு. எந்தக் குழுவில் தொடங்கி எங்கே போனார்கள் என்பது அதில் இருக்கும். ஆனால் அதை மொத்தமாகத் திரட்டிக் காட்டும் ரிப்போர்ட் இல்லை. அவளே எழுதினாள். பழைய வேலையின் சுகம் விரல்களுக்குத் திரும்பி வந்ததில் மதியம் சாப்பிடக்கூட மறந்துபோனாள்.

கமிட்டியில் ஜெயபிரகாஷ் இணைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், வான்மதி ஒரு தாளை அவர் முன்னால் தள்ளினாள்.

"சார், அந்தப் படத்துல வாராவாரம் தலை எண்ணினோம். இதுல, இந்த வருஷம் புதுசா வந்தவங்க முதல்ல எங்க போனாங்கன்னு பாத்திருக்கேன்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். புதியவர்களில் பாதிக்கு மேல் இர்விங்கில் தொடங்கியிருந்தார்கள். ப்ளேனோ குழுவை இப்போது நடத்தும் ஜாஸ்மினே அங்கிருந்து போனவள். அதைவிட இன்னொன்று: அங்கே தொடங்கியவர்களில் சபைக்கு வராமல் நின்றுபோனவர்கள் அநேகமாக இல்லை.

ஜெயபிரகாஷ் கௌரவம் பார்க்கிற ஆள் இல்லை. அதை வான்மதி அன்றுதான் தெரிந்துகொண்டாள். கையிலிருந்த தன் தாளை இரண்டாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நான் தப்பா படிச்சிட்டேன்" என்றார். "நல்ல வேளை, கேட்டோம். இல்லன்னா முன்வாசலை அடைச்சிட்டு, ஆள் ஏன் வரலன்னு யோசிச்சிட்டிருப்போம்."

அந்த ஞாயிறு அவரே போய் ரூபவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார், இணைக்க நினைத்ததையும் சேர்த்து. ரூபவதிக்குக் கோபம் வரவில்லை. "அப்படியா? எனக்கே தெரியாதே, இத்தன பேரா?" என்று வியந்தார். சபை முன்னால் நிறுத்திப் பாராட்டலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு? பெறவு வெள்ளிக்கெழம எல்லாரும் என்னைப் பாக்க வருவாங்க, இருக்க எடம் இருக்காது" என்றார்.

"வேற என்ன செய்யட்டும் அக்கா? ஏதாவது கேளுங்க."

"ரிச்சர்ட்சன்ல டெலிகாம் கம்பெனிக்குன்னு தினமும் பிள்ளைகள் வந்து எறங்குது. எல்லாரும் எனக்க வீட்டுக்கு வர முடியுமா? அங்க இருக்குத குழுவுல பழகினவங்களே நெறஞ்சு இருக்காங்க; புதுசா வாறவங்களுக்கு இது மாதிரி ஒரு வீடு அங்கயும் வேணும்." சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வான்மதியைப் பார்த்தார்.

"எனக்கு ஜெபம் பண்ணவே கூச்சமா இருக்கும் அக்கா" என்றாள் வான்மதி. "சமையலும் சுமார்தான்."

"எனக்குப் பாட்டு வராதுல்லா?" என்றார் ரூபவதி.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வான்மதியின் வீட்டில் முதல் கூட்டம் நடந்தது. செல்வின் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒரு வரியும் வீட்டு முகவரியும் எழுதி ஒட்டியிருந்தான். மாலை முழுக்க அவள் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். சாம்பார் அடிப்பிடித்தது. யாரும் வரமாட்டார்கள் என்று அவள் முடிவுகட்டிய நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண், பின்னால் ஒரு பெரிய குடையோடு அவள் கணவன்.

"தப்பான வீடான்னு தெரியல" என்று தயங்கினாள் அவள். "நான் மீனாக்ஷி. நாங்க சர்ச்சுக்கெல்லாம் போறவங்க இல்லங்க. இவரு ஆபீஸ் போர்டுல தமிழ்ல எழுதியிருந்தது, அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

"சரியான வீடுதான்" என்ற வான்மதி, குழந்தைக்காகக் கையை நீட்டினாள். "உள்ள வாங்க. எனக்குக் கொஞ்சம் அப்பளம் பொரிச்சுத் தருவீங்களா? எனக்குக் கை ஓடல."