கடைசி வண்டி வரை

யார் கூப்பிட்டாலும் பிலோமி நின்றுவிடுவாள். டைப்ரைட்டிங் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அக்கா பிரசவத்துக்குக் கூப்பிட்டாள். போனவள் அந்த வகுப்புக்குத் திரும்பவேயில்லை. பிசைந்த சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து போவாள். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாதிப் பாட்டில் வாசலிலிருந்து யாராவது கை காட்டினால் இறங்கிவிடுவாள். ஐம்பதாவது பிறந்தநாள் நெருங்கியபோது, தான் தொடங்கி முடித்தது எது என்று யோசித்துப் பார்த்தாள். சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை. அதில் துக்கம் இல்லை, வியப்புதான் இருந்தது. வீட்டில் வெகுநாளாகக் கிடந்த பொருளை அன்றுதான் கண்ணால் பார்த்ததுபோல.

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்தவள் ஒரு நாள் ஓடிப் பார்த்தாள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கடலோரமாக வரிசை கட்டி நிற்கும். முதலில் சில வண்டிகளைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. பிறகு கால் பழகிவிட்டது. பிறந்தநாளன்று கடைசி வண்டியைத் தொடும்வரை நிற்காமல் ஓடுவது என்று தனக்குள் முடிவு செய்தாள். வரிசை எங்கே முடியும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கேலிக்குப் பயந்தல்ல, வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்டுவிடுவோமே என்றுதான்.

பிறந்தநாளன்று விடியும் முன்னே கிளம்பினாள். வழக்கமாகப் பார்க்கிற டிரைவர் கிருஷ்ணப்பன் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்.

"யக்கா, இன்னிக்கு வரிசை திருவொற்றியூரத் தாண்டிக் கீது. பாதியில திரும்பிக்கோ. அப்பால கால் வலிக்குதுன்னு என் வண்டில ஏறாத."

"உன் வண்டி நகர்றதுக்குள்ள நான் போய்ட்டே வந்துருவேன், போ!"

லாரிகளுக்கும் கடலோரக் கருங்கற்களுக்கும் நடுவே இருந்த மண் பாதையில் ஓடினாள். வலப்பக்கம் கடல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு லாரியின் ஓரத்தில் ஸ்டவ் வைத்து யாரோ தக்காளி வதக்கினார்கள். மூச்சு ஒரு சீருக்கு வந்ததும் மனசும் அடங்கியது. யோசிக்க எதுவும் இல்லாமல் இருப்பது இத்தனை சுகமா என்று இருந்தது.

"பிலோமி! ஏய் பிலோமி! நில்லு!"

பின்னால் ஸ்கூட்டரில் அவள் கணவன் ஜெரால்ட். அவள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. அதற்குள் கால்கள் தாமாகவே தளர்ந்தன. அதை அவள் பார்த்தாள். யாருடைய கால்களோ போல அவை கீழ்ப்படிவதைப் பார்த்தாள். வலிந்து அடுத்த அடியை வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள்.

"காது கேக்கலியா? ஆறு மணி பூசைய உன் பேருக்கு ஒப்புக்கொடுத்துக்கிறேன். சாமியாரு உன் பேரைப் படிப்பாரு. சொல்லாம வெச்சிருந்தேன். ஏறு வண்டில!"

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவளுக்காக அவன் சொல்லாமல் செய்த முதல் காரியம். அவள் கண் கலங்கியது. ஆனாலும் நிற்கவில்லை.

"நீ போய்யா. நான் முட்ச்சிட்டு வரேன்."

"இன்னாத்த முடிக்கப்போறே?"

"கடைசி வண்டி வரிக்கும் ஓடணும்."

"அது எங்க கீது?"

"தெரியல."

"லாரிக்காரங்களே போவ முடியாம நிக்கிறாங்க, நீ இன்னாத்துக்கு ஓடுறே?" என்று கத்தினான். கொஞ்ச தூரம் முறைத்துக்கொண்டே பக்கத்தில் ஓட்டி வந்தான். அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் அவன் பார்த்திராத ஒரு பிடிவாதம். ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

கோபித்துக்கொண்டு போகிறான் என்றே நினைத்தாள். கால்கள் மட்டும் நிற்கவில்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் எதிரே திரும்பி வந்தான். "பச்சை கலர் டப்பா. அதான் கடைசி. இன்னும் கொஞ்சந்தான், வா."

பச்சை கன்டெய்னர் கண்ணில் பட்டதும் வேகத்தைக் கூட்டினாள். அவள் கை நீட்டுவதற்குள், எண்ணூர் பக்கமிருந்து வந்த ஒரு லாரி அதன் பின்னால் வந்து நின்றது.

"அது கணக்குல இல்ல! பச்சையே போதும்!" என்றான் ஜெரால்ட்.

அவள் பச்சையைத் தாண்டி ஓடினாள். புதிதாக வந்த லாரியின் பின்கதவில் உள்ளங்கையை அழுத்தினாள். இரும்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, வண்டில எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீது."

சைக்கிளில் டீ விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஜெரால்ட் இரண்டு டீ வாங்கினான். கல்லில் உட்கார்ந்தார்கள். முதல் மிடறு குடிக்கையில் அவன் போன் அடித்தது. அவன் தங்கை ஜானட்.

"கோயில்ல உன் பேரப் படிச்சிட்டாங்களாம். நீ எங்கன்னு எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்களாம். உன்னாண்ட பேசணுமாம், இந்தா."

பிலோமியின் கை பாதி எழுந்தது. பிறகு டம்ளருக்கே திரும்பியது.

"டீ குடிக்கிறேன்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். அவள் ஊதி ஊதி, அடி மண்டி தெரியும்வரை குடித்தாள்.