நான்கு ஜாடிகளும் ஒரு கண்காணிப்பாளரும்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு விடுமுறை வந்தால் கை சும்மா இருக்காது. போன விடுமுறையில் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். அதற்குப் பிறகு எந்தக் கதவும் சாத்தினால் சாத்தியபடி நிற்கவில்லை. இந்த முறை சோயா மெழுகு வாங்கிவந்தார். அழகு நிலையம் நடத்தும் அவர் மனைவி, "கடையில முடிச்சாய வாடை தாங்கல, வாசனையா ஏதாவது ஏத்தி வச்சாத் தேவலை" என்று யாரிடமோ போனில் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

மெழுகை உருக்குவதும் வாசனை எண்ணெய் கலப்பதும் சுலபமாகவே கைக்கு வந்தன. சறுக்கியது திரியில். வாங்கிய பொட்டலத்தில் தையல் நூல் போன்றதிலிருந்து ஷூ நாடா போன்றது வரை பலவகைத் திரிகள் கலந்து கிடந்தன. ஒல்லியாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று, அகலமான ஜாடிக்கு மெல்லிய திரியை நட்டார். சாயங்காலம் மனைவி ஜாடியோடு திரும்பி வந்தாள்.

"என்னங்க இது? நடுவுல மட்டும் எலி வளை மாதிரி பள்ளம் விழுந்து, திரி அதுக்குள்ள முங்கி அணைஞ்சு போச்சு. சுத்தி மெழுகு அப்படியே நிக்குது."

"வாசனை?"

"ஜாடிக்குள்ள மூக்கை விட்டா வருது."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த ஜாடிக்கு இருப்பதிலேயே தடித்த திரியைப் போட்டார். அது மெழுகுவத்தி மாதிரி எரியவில்லை, தீப்பந்தம் மாதிரி எரிந்தது. கடையில் அதன் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் முகத்தில் வெள்ளைக் களிம்பும் கண்ணில் வெள்ளரித் துண்டுமாகப் படுத்திருந்தார். வெள்ளையாகப் படுத்த அந்த அம்மாள் சாம்பல் நிறத்தில் எழுந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பியும் பார்த்தாராம்.

"இனிமே வீட்ல சோதிச்சுப் பாத்து, பாஸானது மட்டும் என் கடைக்கு வரட்டும்" என்றாள் மனைவி.

"சரி, நானே பாத்துக்கறேன்."

"நீங்க செஞ்சதுக்கு நீங்களே மார்க் போடுவீங்களா? அம்மா பாக்கட்டும்."

அம்மா என்றால் அவருடைய மாமியார். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தேர்வுக் கூடக் கண்காணிப்பாளராக இருந்தவர். ஹாலின் அந்தக் கோடியில் ஒரு துண்டுச்சீட்டு கசங்கினால் இந்தக் கோடியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார் என்று பேர். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த பிறகு மாப்பிள்ளையோடு அவர் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா", "கதவு திறந்திருக்கு" இரண்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போனதும், மாமியார் இஸ்திரி போட்ட உடையில், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மேசைமேல் ஒரே அளவில் நான்கு ஜாடிகள். ஒரே மெழுகு, ஒரே வாசனை. திரி மட்டும் வேறு வேறு.

"எதுல எந்தத் திரின்னு எனக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கும் தெரியக் கூடாது. எந்தத் திரிக்கு எந்த நம்பர்னு நோட்ல குறிச்சுட்டு, நம்பரை அடியில ஒட்டுங்க" என்றார். ஒட்டியதும் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு ஜாடிகளை இடம் மாற்றிவைத்தார். "இவ்வளவு கிட்டக்க வைக்காதீங்க. தள்ளி, தள்ளி. ஒன்னோட சூடு இன்னொன்னுக்குப் போகும்."

மாப்பிள்ளையும் அதைத்தான் எங்கோ படித்திருந்தார். "அத்தை, உங்களுக்கு மெழுகுவத்தி பத்தியெல்லாம் தெரியுமா?"

"அது தெரியாது. பக்கத்து பக்கத்துல உக்கார்றவங்களைத் தெரியும்."

காற்று பட்டால் சுடர் ஆடும் என்று ஜன்னல் அடைக்கப்பட்டது, மின்விசிறி நிறுத்தப்பட்டது. திரிகளையெல்லாம் குட்டையாக நறுக்கி ஏற்றினார்கள். மெழுகு உருகுவதற்கு முன்னால் மாப்பிள்ளை உருக ஆரம்பித்தார்.

முதல் ஜாடியில் வழக்கம்போலப் பள்ளம் விழுந்தது. "இது ஒன்னும் படிக்காம வந்திருக்கு" என்று மாமியார் ஒதுக்கினார். அடுத்ததன் திரி நுனியில் காளான் மாதிரி கரி கட்டி, ஜாடி வாயெல்லாம் கறுத்தது. "இது கேக்காததையெல்லாம் எழுதுது." அந்தச் சமயம் மூன்றாவது ஜாடியிலிருந்து சடசடவென்று சத்தம் கேட்டது. மாமியார் விருட்டென்று திரும்பினார்.

"யாரது பேசறது?"

"அத்தை, அது மரத் திரி. எரியும்போது சத்தம் வரும். அதுக்காகவே ஆசைப்பட்டு வாங்கறாங்க."

"ஹால்ல சத்தம் போட்டா வெளியதான்."

"பாவம் அத்தை, நல்லாத்தான் எரியுது…"

"சிபாரிசு வேறயா?"

ஜாடி பால்கனிக்கு வெளியேற்றப்பட்டது. காற்றில் உடனே அணைந்தது. அவருக்குத் தன் பிள்ளையையே வெளியே நிறுத்தியதுபோல் இருந்தது. மாமியார் காதில் விழாதபடி, "மனசுல வச்சுக்காதே" என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

மிஞ்சியது ஒரே ஜாடி. சுடர் ஆடவில்லை, புகையவில்லை. உருகிய மெழுகு மெதுவாக வட்டமாக விரிந்துகொண்டே போயிற்று. இருவரும் மேசை விளிம்பில் முகவாயை வைத்துக் குந்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் விரலகல வெள்ளை பாக்கி. அதுவும் கரைந்தது.

"மாப்பிள்ளை! ஓரம் வரைக்கும் வந்துடுச்சு!" மாமியார் குரல் கீச்சிட்டது. "எந்த நம்பர்? பாருங்க, பாருங்க!"

அவர் சுடரை அணைத்தார். துணியால் ஜாடியைப் பிடித்துத் தூக்கினார். அடியில் ஒட்டிய நம்பரைப் பார்க்க அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார்.

நல்லவேளை, கால்சட்டை தடிமனானது. மெழுகு அதில் பாதியும் தரையில் பாதியுமாக ஓடியது. படிப்பதற்குள் அவர் பதறி ஜாடியை நிமிர்த்தியதில் மெழுகு வெளிப்பக்கமாக அடிவரை வழிந்து, தாளில் இருந்த நம்பர் அதில் ஊறி ஊதாக் கறையாகிவிட்டது.

"பாஸான பேப்பரை நீங்களே அழிச்சிட்டீங்களே!" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் நிதானம் தப்பவில்லை. "இருங்க. மத்த மூணு நம்பரும் தெரிஞ்சா, வராத நம்பர் இதுதானே?"

"அதையும் கவுத்துப் பாக்கவா?"

"ஐயோ, தொடாதீங்க! நீங்க தரையில படுங்க. நான் அணைச்சிட்டு மேல தூக்கிப் பிடிக்கறேன், கீழேருந்து படிங்க."

அவர் மெழுகிலேயே மல்லாந்து படுத்தார். மாமியார் அவருக்கு இருபுறமும் காலூன்றி நின்று, புகையும் ஜாடியை அவர் முகத்துக்கு நேர் மேலே பிடித்தார். வீட்டுக் கதவு எதுவும்தான் சாத்தி நிற்காதே. மனைவி சத்தமில்லாமல் உள்ளே வந்தாள்.

"அம்மா! அவர் என்ன பண்ணினாலும் பேசித் தீத்துக்கலாம்!"

ஓடிவந்தவள் மெழுகில் சறுக்கி, கைப்பையோடு சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

"சத்தம் போடாதே" என்றார் மாமியார். "மாப்பிள்ளை, படிங்க."

"நாலு, அத்தை!"

மற்ற இரண்டு ஜாடிகளில் ஒன்றும் இரண்டும் இருந்தன. தேறியது மூன்றாம் நம்பர்: நடுத்தரப் பருமனில், அவர் பொட்டலத்திலிருந்து ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திராத சாதாரண நூல் திரி.

அதே திரியில் செய்த ஜாடியை அந்த வாரமே மனைவி கடையில் ஏற்றினாள். கடை முழுக்க வாசனை. முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருத்தி நாற்காலியிலேயே தூங்கி விழுந்ததில், வலது பக்கம் நினைத்ததைவிடக் குட்டையாகிவிட்டது. அதுதான் இப்போதைய பாணி என்று சொல்லி மனைவி சமாளித்தாள்.

அன்று மாலை மாமியார் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் வந்தார்.

"இதோட வாய் ரொம்ப அகலம். ஒரு திரி பத்தாதுன்னு தோணுது."

"ரெண்டு போட்டுப் பாக்கலாம் அத்தை. உக்காருங்க, காபி போடறேன்."

மாமியார் உட்கார்ந்தார். மாப்பிள்ளை சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சற்று நேரம் முழித்தார். பிறகு எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அத்தை, உங்களுக்கு எத்தனை ஸ்பூன்?"