வேண்டாம் என்ற பக்கம்

ஓநாய்க்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அலுவலகம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மூன்று வருடமாக ஓநாய் ஓநாய் என்று எழுதிக்கொண்டிருப்பவளை அந்தப் பெயர் சொல்லி யார் கூப்பிடப் போகிறார்கள்? சலவைக் கடைக்கு மேலே நீளமாக ஓர் அறை. கீழே துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டால் மேலே ஜன்னல் கண்ணாடி வியர்க்கும். அங்கே ஐந்து பேர் உட்கார்ந்து, கைப்பேசியில் படிக்கிற கதை விளையாட்டுகள் செய்தார்கள். கதை ஓடி வரும், ஓரிடத்தில் நிற்கும், "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கும். கீழே மூன்று நான்கு வரிகள் இருக்கும். படிக்கிறவர் எதைத் தொடுகிறாரோ அந்தப் பக்கம் கதை திரும்பும்.

அவளுடைய கதையில், படிக்கிறவர் ஓர் ஆற்றோர ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறார். அந்த ஊரில் பாதிப் பேர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாக மாறுகிறவர்கள். அதில் நான்கு பேர் காதலிக்க வாய்த்தவர்கள். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், மாட்டு வைத்தியன், நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், கொத்தன். யாரை வேண்டுமானாலும் விரும்பலாம். அதற்காகத்தான் ஜனங்கள் இந்த மாதிரிக் கதையைக் காத்திருந்து வாங்குகிறார்கள். நான்கு பேர் என்றால் நான்கு விதமாக இருக்க வேண்டும் என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்தச் சின்னக் குழந்தைக்குத் தெரிந்தது நம் ஓநாய்க்காரிக்குத் தெரியாமல் போனதுதான் விஷயம்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதையை வெளியே விடுவதற்கு முன்னால் நாற்பது வசனங்களைப் பொறுக்கி, சொன்னவர் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, கதையைப் படித்து முடித்த ஐந்து பேரிடம் கொடுப்பார்கள். எதை யார் சொன்னது என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஓநாய்க்காரியின் நாற்பதில் அவர்கள் சராசரியாகச் சரியாகச் சொன்னது ஒன்பது. நான்கு பேரில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பத்து தேறியிருக்கும். படித்ததனால் ஒன்று குறைந்துவிட்டது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டையாக இருக்கும்போது நான்கு எதற்கு என்று கேட்டார். தலைவனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் எடுத்துவிடலாம் என்றார். பாவமாகத்தான் இருக்கிறது, உன் உழைப்பு எனக்குத் தெரியாதா என்றும் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறோம். இங்கே நனைந்தது ஓநாய்கள், அழுதது முதலாளி. கடைசியில் பன்னிரண்டு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் நான்கும் நான்காகாவிட்டால் மூன்று போய்விடும்.

மூன்று வருடம் ஓநாய்க்காரி அந்த நான்கு பேரோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதிலும் கொத்தன் மேல் அவளுக்குத் தனிப் பாசம். ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது, அவன் அப்படி ஒன்றும் பேசியதுகூட இல்லை.

அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை பார்க்கிறவள், அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்காவுக்குக் கதை படிக்கிற பழக்கமே கிடையாது. தங்கை எழுதியதாயிற்றே என்று பஸ்ஸில் போக வரப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வெள்ளைக் கோட்டுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருக்கையில், சின்னவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். விஷயத்தைக் கேட்ட அக்கா ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாளா? அதுதான் இல்லை. அந்த ஐந்து பேர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றாள்.

"நான் நாலு பேருக்கும் வேண்டாம்னு சொன்னேன்டி," என்றாள். "நாலு பேரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டாங்க. தூரத்துல எதுவோ ஊளையிட்டுது. நிலா மேகத்துல மறைஞ்சுது. நாலு தடவையும் அதே மேகம், அதே நிலா."

ஓநாய்க்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் ஒன்றே ஒன்றுதான். காதலைச் சொல்லும் காட்சியை நால்வருக்கும் தனித்தனியாக மாய்ந்து மாய்ந்து எழுதியவள், மறுத்தால் வருகிற பக்கத்தை ஒரே ஒரு முறை எழுதி, ஆள் பெயரை மட்டும் மாற்றும்படி நால்வருக்கும் பொதுவாகக் கோத்துவிட்டிருந்தாள். ஓநாயாக மாறுகிற அழகன் ஒருத்தன் வந்து நின்றால் வேண்டாம் என்று எந்த மகராசி சொல்லப் போகிறாள் என்ற நினைப்பு. கூடப்பிறந்தவளே சொல்லுவாள் என்று கண்டாளா? நால்வருக்குமா வேண்டாம் என்றாய், ஏன் என்று கேட்டாள்.

"கேட்டதும் தலையாட்டறதுக்கு நான் என்ன பொம்மையா?" என்று அக்கா கோட்டைத் திருப்பிப் போட்டாள். "வேண்டாம்னு சொன்னாத்தான்டி ஒருத்தர் யாருன்னே தெரியும். என் மேஜைகிட்ட வந்து உக்காந்து பாரு. இன்னைக்கு டாக்டர் இல்லைங்கன்னு சொல்லிப் பாரு. அதுவரைக்கும் எல்லாரும் பல்வலிக்காரங்க. அதுக்கப்புறம்தான் ஆளாளுக்கு வேற."

போய் உட்காரத்தான் உட்கார்ந்தாள். இரண்டு நாள் காலையில், மருத்துவமனையின் பச்சை நாற்காலியில், மடியில் நோட்டோடு. டாக்டர் இல்லை என்றதும் ஒருவர், தனக்கு யார் யாரைத் தெரியும் என்று பட்டியல் வாசித்தார். ஒரு பெண்மணி, தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று அக்காவிடமே மன்னிப்புக் கேட்டு, கேட்டு, கடைசியில் அக்காவை அழவைக்கப் பார்த்தாள். ஒருத்தி, பின்னே ஏன் போனில் வரச் சொன்னீர்கள் என்று நேருக்கு நேர் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் திறப்பதற்கு முன்னாலேயே வந்து சிரித்தபடி நின்றாள். கன்னம் வீங்கிய ஒரு மனுஷன் மட்டும் "சரிங்க" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை.

மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தவளுக்குக் கை நிற்கவில்லை. வேண்டாம் என்றதும் தலைவன் சிரித்தான், ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டார்கள் என்பதைப் போல. மறுநாள் காரணம் கேட்டுவரச் சித்தப்பா மகனை அனுப்பினான். அதற்கும் மறுநாள், வேண்டாம் என்று சொன்னதே தான்தான் என்று கூட்டத்தில் அறிவித்துவிட்டான். வைத்தியன் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, படிக்கிறவரே அவனைத் தேற்றும்படி ஆக்கினான். தேறியதும் கன்றுக்குட்டியின் வயிற்றுப்பூச்சி பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். நீச்சல்காரி, அப்படியென்றால் மூன்று வாரமாக எதற்குக் குளத்துக்கு வந்தாய் என்று கத்திவிட்டுப் போனாள். அடுத்த நாள் துண்டோடு வாசலில் வந்து நின்றாள்.

கொத்தன்தான் மல்லுக்கு நின்றான். அவனைத் திரும்பக் கேட்கவைத்து மூன்று விதமாக எழுதினாள். மூன்றிலும் தலைவன் வாடை அடித்தது. கடைசியில் அவனை அவன் போக்கில் விட்டாள். "சரிங்க," என்றான். படிக்கிறவர் வீட்டில் அவன் ஆரம்பித்திருந்த சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. நான்கு நாள் சரியான நேரத்துக்கு வந்து, நூல் பிடித்து, ஒழுங்காக முடித்தான். கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். ஐந்து அத்தியாயம் கழித்துச் சந்தையில் வேறொரு பெண்ணோடு நிற்பான், வாய் நிறைய நலம் விசாரிப்பான். அதை எழுதி முடித்தபோது ஓநாய்க்காரிக்கு அழுகை வந்தது. துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனை நேரில் பார்த்தாள், அதுதான்.

பிறகு வேலை பின்னோக்கி ஓடியது. இப்படிப் போகிறவன் இரண்டாம் அத்தியாயத்தில் நிலாவைப் பற்றி ஒரு பக்கம் வசனம் பேசுவானா? வெட்டினாள். தலைவனுக்கு அதைக் கொடுத்தாள், அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பத்தாம் நாள் புதிதாக ஐந்து பேருக்குத் திருத்திய கதையும் நாற்பது வசனமும் போயின. அக்காவுக்கும், கணக்கில் சேராத ஆளாக, கதையின் ஒரு பிரதி போனது. பன்னிரண்டாம் நாள் விடை வந்தது: நாற்பதில் முப்பத்து மூன்று.

முதலாளிக்குச் சந்தோஷம். நீச்சல்காரியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கொத்தனிடம் வந்ததும் மூன்று கால் முயல் எட்டிப் பார்த்தது. அட்டையில் நான்கு பேர் என்று போட்டிருக்கிறோம், ஒருத்தன் ஒரு வார்த்தைக்குக் கழன்றுகொண்டால் எப்படி, படிக்கிறவர்கள் சும்மா விடுவார்களா என்றார். இன்னொரு தடவையாவது அவன் வந்து கேட்க வேண்டும், இல்லையென்றால் அவனை எடுத்துவிடு, சாயங்காலம் வரைக்கும் நேரம் என்றார்.

"அவன் கேக்க மாட்டான் சார்," என்றாள் அவள்.

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது படியில் தடதடவென்று சத்தம். அக்கா வெள்ளைக் கோட்டோடு மேலே வந்து நின்றாள். காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தாளாம், தங்கை எடுக்கவில்லையாம், சாப்பாட்டு வேளையில் பஸ் பிடித்து வந்துவிட்டாள். முதலாளி என்று ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கொத்தன் எங்கடி?" என்றாள். "நான் சும்மாத்தான் வேண்டாம்னு சொன்னேன். அடுத்த தடவ கேப்பான், சரின்னு சொல்லலாம்னு இருந்தேன். அஞ்சு அத்தியாயம் காத்திருக்கேன். இப்ப சந்தையில எவளோடயோ நின்னுக்கிட்டு, நல்லா இருக்கீங்களான்னு என்னைக் கேக்கறான்."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். பார்த்தாயா, இதைத்தானே சொன்னேன் என்று ஓநாய்க்காரியைப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கவலையே வேண்டாம், சாயங்காலத்துக்குள் அவன் திரும்பி வந்து கேட்கும்படி மாற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்.

அக்கா அப்போதுதான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு மாத்தணும்?" என்றாள். "திரும்பி வந்தா அது அவன் இல்லையே. அது வேற யாரோ. தப்பு பண்ணது நானு. அவன எதுக்குங்க மாத்தறீங்க?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வடிந்து, குரல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் மூணு தடவ வந்து கேட்டாரு," என்றாள், யாரைப் பார்த்தும் சொல்லாமல். "மூணாவது தடவைதான் சரின்னேன். எனக்கு அது ஒரு விளையாட்டா இருந்துது. ரெண்டாவது தடவ அவரு எப்படி மனசத் தேத்திக்கிட்டு வந்து நின்னிருப்பாருன்னு, இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் பஸ்ஸுல உக்காந்து யோசிச்சேன்."

கீழே யாரோ பெட்டியை எடுத்துத் துணியில் வைத்தார்கள், ஜன்னல் மறுபடி மங்கியது. முதலாளி தம் முன்னாலிருந்த தாளில், கொத்தன் என்ற பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கேள்விக்குறியை அடித்தார். அப்படியே இருக்கட்டும், நாளைக்கே வெளியே விட்டுவிடலாம் என்று சொன்னார். நால்வரும் பிழைத்தார்கள். ஓநாய்க்காரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே இறங்கி வந்தாள். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கப் போவதாக அக்கா சொன்னாள், இந்தத் தடவை அவன் கேட்ட வாய் மூடுவதற்குள் சரி என்று சொல்லிவிடப் போகிறாளாம். அத்தானிடம் இதையெல்லாம் சொன்னாயா என்று தங்கை கேட்டாள்.

"வர்ற வழியிலயே போன் போட்டேன்," என்றாள் அக்கா. "மூணு தடவ வர உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'நான் என்ன எண்ணிக்கிட்டா வந்தேன்? இங்க லிஃப்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, வீட்டுக்கு வந்து பேசறேன்'னு வெச்சுட்டாரு."